கொழும்பு நூதனசாலையும் கிழக்குக் கரை மக்களும்

சென்னை எழும்பூர் நூதனசாலைக்கு அந்நகரத்துப் பாமர மக்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சிச்சாலைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘உயிர் காலேஜ்’. 1851ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியினர் தொடங்கிய அந்நிறுவனத்தைப் பற்றிக் கற்றோர் எழுதிய புகழுரைகள் பல உண்டு. ஆயினும் வேடிக்கையாய்ப் பிறந்த இந்தப் பெயரில் அவ்வுரைகளில் காணக்கிடையாத ஒரு விமரிசனம் அடங்கியுள்ளது. கண்ணாடிப் பேழைகளுக்குள் இருந்த பொருள்கள் தம் வாழ்வோடு ஒட்டாதவை என்று மக்கள் கண்டார்கள். கண்டதை ஒளிக்காமல் சொன்னார்கள்.

நூதனசாலைப் பேழைகள் தாமாக நிரம்புவதில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்று யாரோ தீர்மானிக்கிறார்கள். எந்தக் காலத்தில், எவருடைய பணத்தில், எவருடைய கண்ணுக்கு எது அரும்பொருளாகத் தோன்றியது என்ற கேள்விகளுக்கு விடை கண்டால், ஒரு நாட்டின் அதிகாரம் எங்கே இருந்தது என்பதும் தெரிந்துவிடும். இலங்கையின் தலைமை நூதனசாலையாகிய கொழும்பு நூதனசாலையை இந்தக் கண்கொண்டு நோக்குவது, அதிலிருந்து நெடுந்தொலைவில், கிழக்குக் கடலோரத்தில் வாழும் நமக்குப் பெரிதும் பயன்படும்.

மாளிகை எழுந்த கதை

1845ஆம் ஆண்டில் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை நிறுவப்பட்டது. ஆங்கில அதிகாரிகளும் கற்றோருமாகிய அதன் அங்கத்தவர்கள் கல்வெட்டுக்களையும் ஏடுகளையும் நாணயங்களையும் திரட்டினர். திரட்டியவற்றை வைக்க ஓர் இடம் வேண்டுமென்று அவர்கள் நெடுநாள் வேண்டிநின்றனர். 1872இல் தேசாதிபதியாக வந்த சேர் வில்லியம் கிரகரி அவ்வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தார். அடுத்த ஆண்டிலேயே சட்டநிரூபண சபையின் அனுமதி கிடைத்தது. அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் சிமிதர் இத்தாலியப் பாணியில் அமைப்பு வரைந்தார். 1876இல் வேலை முடிவுற, 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி நூதனசாலை திறந்துவைக்கப்பட்டது.

இதற்கான பணம் எங்கிருந்து வந்தது? அது கோப்பிப் பயிர் கொழித்த காலம். மலைநாட்டுக் காடுகளை அழித்துத் தோட்டமாக்கியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்க் கூலிகள். வழியிலும் லயங்களிலும் நோயால் மாண்டு போனவர்கள் அவர்களிலே ஏராளம். அவர்கள் பறித்த கோப்பியே அன்றைய அரசாங்கத்தின் கருவூலத்தை நிறைத்தது. வெள்ளை மாளிகையாய் இன்று நிமிர்ந்து நிற்கும் அந்தக் கட்டடத்தின் அத்திவாரத்தில், பெயர் அறியப்படாத அந்த மனிதர்களின் வியர்வையும் கலந்திருக்கிறது எனில் மிகையன்று.

கட்டிமுடித்தவரின் பெயர் மட்டும் நமக்குத் தெரியும். அவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். கொழும்பு முஸ்லிம், கட்டட ஒப்பந்தகாரர். கொழும்பின் புகழ்பெற்ற பழங்கட்டடங்கள் வேறு சிலவும் அவர் எடுப்பித்தவையே. திறப்பு விழாவிலே தேசாதிபதி அவரை நோக்கி, “உமக்கு என்ன மரியாதை செய்யவேண்டும்?” என வினவியதாகவும், வெள்ளிக்கிழமை தோறும் நூதனசாலையை மூடிவைத்தாற் போதும் என அவர் விடையிறுத்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எவ்வாறாயினும், நெடுங்காலமாக அந்நூதனசாலை வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டே இருந்தது. பட்டமும் பதக்கமும் கேட்கக்கூடிய வேளையில், ஜும்ஆத் தொழுகைக்குரிய நாளின் மதிப்பைக் கேட்டார் என்பதனாலேயே மக்கள் இக்கதையை விரும்பி நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அவர் அதனோடு நின்றுவிடவில்லை. ‘முஸ்லிம் நேசன்’ ஆசிரியரும் ‘அசன்பே சரித்திரம்’ எழுதியவருமான சித்திலெப்பை, எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வாழ்ந்த ஒறாபி பாஷா ஆகியோரோடு வாப்பிச்சி மரிக்காரும் சேர்ந்து, 1892இல் மருதானையில் ஒரு மதுரஸாவைத் தொடங்கினார்கள். அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. ஒரு சமுதாயம் விழிப்படைந்த வரலாற்றில், அரசாங்கத்தின் நூதனசாலையையும் சமுதாயத்தின் பள்ளிக்கூடத்தையும் எழுப்பிய கை ஒன்றே என்பது கருதற்குரியது.

சிம்மாசனமும் செப்புத் திருமேனிகளும்

உள்ளே நுழைவோரை முதலிற் கவர்வது கண்டி அரசரின் சிம்மாசனமும் முடியுமாகும். இச்சிம்மாசனம் 1693இல் ஒல்லாந்தத் தேசாதிபதியால் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. கரையோரத்தைப் பிடித்துக்கொண்ட வியாபாரக் கம்பெனி மலைநாட்டு மன்னனுக்கு ஆசனம் செய்து கொடுத்ததன் உட்கருத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1815இல் கண்டி வீழ்ந்தது. நாயக்கர் வழிவந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே உயிர்நீத்தான். அவனுடைய சிம்மாசனம் இங்கிலாந்து சென்று வின்சர் கோட்டையை அலங்கரித்தது. 1934இல்தான் அது திரும்பி வந்தது. கண்டியரசின் பொருள்களிற் சில அதற்கும் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொள்ளையிட்டுச் சென்ற லெவுக்கே திசாவையின் பீரங்கியும் வேறு ஐந்து பொருள்களும் 2023இல்தான் நாட்டுக்கு மீண்டன.

சிம்மாசனத்தைக் காட்டிலும் தமிழ் கற்றோரின் உள்ளத்தை உருக்குவன பொலநறுவைச் செப்புத் திருமேனிகள். சோழராட்சியில் சனநாதமங்கலம் எனப் பெயர் பெற்ற அந்நகரின் சிவன் கோயில்களை 1907, 1908ஆம் ஆண்டுகளில் தொல்பொருட் பகுதியினர் அகழ்ந்தபோது நடராசர், உமை, சுந்தரர் முதலிய திருவுருவங்கள் வெளிப்பட்டன. ஆனந்த குமாரசுவாமி 1914இல் கொழும்பு நூதனசாலைத் திருமேனிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். சைவ உலகம் போற்றும் கலைச் செல்வங்கள், பௌத்தச் சிற்பங்களோடு ஒரே கூரையின் கீழ், ஒரு முஸ்லிம் எழுப்பிய மாளிகையில் இடம்பெற்றுள்ளன. ஒன்றையொன்று மறுத்துப் பேசுவோர் அங்கே சென்று ஒரு நாழிகை நின்று வரலாம்.

மும்மொழிக் கல்

ஆயினும், அந்த மாளிகையில் நம் மாணவர் ஒவ்வொருவரும் காணவேண்டிய பொருள் ஒன்று எதுவெனக் கேட்டால், காலியிலிருந்து கொண்டுவரப்பட்ட மும்மொழிக் கல்வெட்டையே நான் சுட்டுவேன். பொன்னுமில்லை, மணியுமில்லை, தேய்ந்துபோன ஒரு கற்பலகை. 1911இல் காலி நகரத்தில் ஒரு மதகிலே, எழுத்துள்ள முகம் கீழே கிடக்க, மூடுகல்லாகப் பயன்பட்டிருந்த அதனை தோமலின் என்னும் பொறியியலாளர் கண்டெடுத்தார்.

சீனப் பேரரசன் யுங்லோவின் ஆணைப்படி கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த கல் அது. செங் ஹோ யுன்னான் நாட்டில் முஸ்லிம் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட அந்தக் கல்லிலே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிற் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தரைத் துதித்துக் காணிக்கைகளைக் கூறுகிறது. தமிழ்ப் பகுதி தேவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயினாருக்கு அவற்றைச் சமர்ப்பிக்கிறது. மிகவும் தேய்ந்துள்ள பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பெயரால் அமைந்தது. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, நறுமண எண்ணெய் எனக் காணிக்கைப் பட்டியல் விரிகிறது.

அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இத்தீவின் தென்கரையில் வந்திறங்கிய அயலார், இந்த நாட்டோடும் இந்தக் கடலோடும் பேசவேண்டுமாயின் எந்த மொழிகளிற் பேசவேண்டுமென்று கருதினர் என்பதற்கு இக்கல் சான்று. தமிழ் அன்று ஓர் இனத்தாரின் வீட்டு மொழியாக மாத்திரம் இருக்கவில்லை. துறைமுகத்தின் மொழியாகவும் வாணிகத்தின் மொழியாகவும் விளங்கியது. பாரசீகம் அரபிக் கடல் முதல் சீனக் கடல் வரை சென்ற முஸ்லிம் வணிகரின் பொது மொழி.

இதைக் கொண்டு ஒற்றுமையின் பொற்காலம் ஒன்றைக் கற்பனை செய்துவிடவும் கூடாது. மூன்று தெய்வங்களுக்கும் காணிக்கை செலுத்திய அதே செங் ஹோ, 1411இல் இலங்கையின் ஆட்சியாளரான அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றார். காணிக்கையும் படைபலமும் ஒரே கப்பலில் வந்தன. ஆயினும், பலவந்தம் செய்ய வந்தவன்கூட மூன்று மொழிகளில் எழுதியே தீரவேண்டிய நாடாக இது இருந்தது என்பதை எவரும் மறுத்தல் இயலாது. 1956ஆம் ஆண்டில் ஒரே மொழியை ஆட்சி மொழியாக்கிச் சட்டம் செய்தபோது, அந்தக் கல் கொழும்பு நூதனசாலையிலேதான் இருந்தது.

நம் கரையின் பொருள்கள் எங்கே?

இனி நம் பகுதிக்கு வருவோம். கிழக்குக் கரையின் தலைசிறந்த கலைப்பொருள் ஒன்றைக் காண விரும்புவோர் இலண்டனுக்குச் செல்லவேண்டும். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையிலே கிடைத்த, ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, பொன்முலாம் பூசிய தாரா தேவியின் வெண்கலச் சிலை பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. 143 சதமமீற்றர் உயரமுடைய அச்சிலையை, கண்டியை வீழ்த்திய தேசாதிபதி பிறவுண்றிக் 1830இல் அந்நூதனசாலைக்கு வழங்கினார். நம் கரையின் பொருள், நம்மைக் கேளாமல், வென்றவரால் வழங்கப்பட்டது.

தேவியின் சிலைக்கு இலண்டனிலாவது ஓர் இடம் கிடைத்தது. உழைக்கும் மக்களின் பொருள்களுக்கு எங்கே இடம்? மருதமுனையின் தறியும் பாவும் ஊடையும், கரைவலை இழுக்கும் சம்மாட்டியும் கூலியாளும் பயன்படுத்திய கருவிகள், சூடு மிதிக்கும் களத்தில் நெல்லை அளந்த மரைக்கால், போடியாரின் வீட்டு வெற்றிலை வட்டாவும் படிக்கமும், முல்லைக்காரனின் மண்வெட்டி, பெண்கள் இழைத்த பன்பாய், றபான், பொல்லடிக் கோல்கள், குர்ஆன் மதுரஸாக்களில் ஓதிய பலகைகள், அரபுத் தமிழில் எழுதப்பட்ட கையெழுத்துக் கிதாபுகள் ஆகிய இவையே நம் முன்னோர் வாழ்ந்த வாழ்வின் சாசனங்கள். கல்வெட்டில் மன்னன் பேசுகிறான்; மரைக்காலைப் பார்த்தாலோ, விளைவித்தவனுக்கு எவ்வளவு, நிலமுடையவனுக்கு எவ்வளவு என்ற கணக்கு தெரிகிறது. சமுதாய வரலாறு எழுத முனைவோனுக்கு இரண்டாவதன் பெறுமதி சிறிதும் குறைந்ததன்று.

இவற்றிற் பல தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானவை என்பதை வற்புறுத்திச் சொல்லவேண்டும். தாய்வழிக் குடி முறை இரு சாராரிடமும் உண்டு. மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கும் வழக்கமும் அவ்வாறே. வயலில் வழங்கும் சொற்கள் ஒன்றே. தாலாட்டின் மெட்டும் நாட்டுக்கவியின் நயமும் ஒன்றே. 1964இல் வெளிவந்த வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ போன்ற நூல்கள் இம்மரபுகளை எழுத்தில் பதித்தன. ஆனால் எழுத்திற் பதிந்த பொருளைக் கையால் தொட்டுப் பார்க்க இயலாது. நூலில் ‘அவணம்’ என்று வாசிக்கும் மாணவன், அது எவ்வளவு நெல் என்பதை ஆசிரியர் சொல்லித்தான் அறிகிறான். அவனுடைய பாட்டனாருக்கு அச்சொல் அன்றாட வாழ்வாக இருந்தது.

நூதனசாலைகள் தலைநகரை விட்டு வெளியே செல்லத் தொடங்கி நெடுங்காலமாயிற்று. 1942இல் தேசிய நூதனசாலைகள் சட்டம் பிறந்தது. கண்டியிலும் இரத்தினபுரியிலும் கிளைகள் எழுந்தன. அநுராதபுரத்தில் நாட்டார் வாழ்வைக் காட்டும் நூதனசாலை ஒன்று அமைந்தது. யாழ்ப்பாணத்தில் 1978இல் நாவலர் வீதியில் தொல்பொருள் நூதனசாலை நிறுவப்பட்டது. 1986இல் காலியிலும், 2013இல் திருகோணமலையிலும் நூதனசாலைகள் திறக்கப்பட்டன. 2015இல் காத்தான்குடியில் முஸ்லிம்களின் வரலாற்றையும் பழைய வாழ்வையும் காட்டும் பூர்வீக நூதனசாலை திறக்கப்பட்டது. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊரொன்றில் இத்தகைய எண்ணம் உருப்பெற்றமை பாராட்டுக்குரியது. ஆயினும் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் இந்த நீண்ட கரைக்கு, இரு சமூகத்தாரும் தமதெனக் கொள்ளத்தக்க ஒரு பொது நூதனசாலை வேண்டும் என்பதே என் கருத்து.

மூன்று அழிவுகள்

ஏன் இத்துணை அவசரம்? அழிவு மூன்று வழிகளில் வருகிறது. ஒன்று கடல். 2004 டிசம்பர் 26ஆந் தேதி எழுந்த ஆழிப்பேரலை அம்பாறைக் கரையில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. உயிரிழப்பின் முன் பொருளிழப்பைப் பேசுவது முறையன்று என்றே பலரும் மௌனமாயிருந்தோம். ஆனால் கரையோர வீடுகளின் பெட்டகங்களோடு பழைய உறுதிகளும் கிதாபுகளும் திருமண ஆடைகளும் செப்புப் பாத்திரங்களும் போயின. நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் சுற்றுப்புறத்தில், ஒரு தலைமுறையின் நினைவே கடலோடு போயிற்று.

இரண்டாவது நெருப்பு. 1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது தொண்ணூற்றேழாயிரம் நூல்களும், மறுபடி எழுதவியலாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. போர் நடந்த ஆண்டுகளில் கிழக்கிலும் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் எரிந்தன. ஓடியவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களேயன்றிக் கிதாபுகளைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

மூன்றாவது அழிவு ஓசையின்றி நடப்பது. பழைய பித்தளை நிறுத்து விற்கப்படுகிறது. மூக்குப்பேணியும் படிக்கமும் உருக்குலைக்குப் போகின்றன. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்த வீட்டில் அவற்றுக்கு இடமில்லை. வறுமைப்பட்ட குடும்பம் பாட்டியின் வட்டாவை விற்பதற்காக அதனைக் குற்றஞ்சாட்ட நமக்கு உரிமையில்லை. வாங்கிப் பாதுகாக்க வேண்டிய சமுதாயம் உறங்கிக் கிடப்பதே குற்றம்.

தடைகளும் விடைகளும்

இம்முயற்சிக்கு எதிராகச் சில நியாயங்கள் கூறப்படும். உருவங்களை வைத்தல் மார்க்கத்துக்கு ஒவ்வாது என்பர் சிலர். மரைக்காலும் தறியும் பாயும் கிதாபும் எவருடைய மார்க்கத்துக்கும் ஊறு செய்வன அல்ல. அவற்றைக் கொண்டே ஒரு மாளிகையை நிரப்பலாம்.

பசித்தவனுக்குப் பழம்பொருள் எதற்கு என்பர் வேறு சிலர். இவ்வாதத்தில் நேர்மை உண்டு. ஆனால் வரலாறு அற்றவர்களாக நம்மைக் காட்டுவதால் யார் நன்மை அடைகிறார்கள் என்பதையும் எண்ணவேண்டும். 2020 ஜூன் மாதத்தில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமையைப் பேணுவதற்கெனச் சனாதிபதிச் செயலணி ஒன்று நியமிக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் இது. ஆயினும் முதலில் நியமிக்கப்பட்டோருள் தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் இருக்கவில்லை. நம் மாவட்டத்திலுள்ள தீகவாபி பௌத்த மக்களுக்குப் புனிதத் தலம். நாட்டினர் அனைவரும் மதித்துக் காக்கவேண்டிய தொன்மைச் சின்னம். அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஒரு மண்ணின் மரபுரிமையை வரையறுக்கும் மேசையில் அம்மண்ணில் உழுது வாழ்வோருக்கு ஓர் ஆசனமும் இல்லையெனில், அங்கே பேணப்படுவது மரபுரிமை மாத்திரந்தானா என்ற ஐயம் எழாமற் போகாது. பழமை என்பது நிலத்தின் உரிமையோடும் வயிற்றுப்பாட்டோடும் பிணைந்த விடயம். பசித்தவனுக்கும் அது வேண்டும்.

அரசாங்கம் செய்யட்டும் எனக் காத்திருப்பது இன்னொரு தடை. அரசாங்கத்துக்கு உரிய கடமை உண்டு. அதனை வற்புறுத்திக் கேட்கவும் வேண்டும். ஆனால் தொடக்கம் பாடசாலையிலேயே அமையலாம். ஒவ்வொரு மகாவித்தியாலயத்திலும் ஓர் அறையோ, அறை இல்லையாயின் ஓர் அலுமாரியோ ஒதுக்கப்படட்டும். மாணவர் தத்தம் வீட்டிலுள்ள பழம்பொருளைக் கொண்டுவந்து காட்டட்டும். தர மனமில்லாதோர் எழுதியேனும் தரட்டும். ஒவ்வொரு பொருளின் கீழும் பெயர், ஊர், பயன் ஆகியவற்றோடு, இயன்றவரை அதனைச் செய்தவரின் பெயரும் குறிக்கப்படல் வேண்டும். தறியைச் செய்த தச்சர் யார், பாயை இழைத்த பெண் யார், கிதாபைப் பிரதி செய்தவர் யார் என்று கேட்டு எழுதவேண்டும். மன்னர்களின் பொருள்கள் மன்னர் பெயராலே அறியப்படுகின்றன. மக்களின் பொருள்களேனும் ஆக்கியோன் பெயரால் அறியப்படட்டும். ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள தமிழ், இஸ்லாமிய, வரலாற்றுத் துறையினர் வழிகாட்டினால் அரபுத் தமிழ்க் கிதாபுகளைப் படமெடுத்துப் பாதுகாப்பது இயலாத காரியமன்று. கரைவலைப் பாடல்களை இன்னும் பாடவல்ல முதியவர்கள் இருக்கும்போதே அவற்றை ஒலிப்பதிவு செய்யவேண்டும்.

மருதமுனைத் தறியும் காரைதீவு வீட்டு வட்டாவும் கல்முனைக்குடிக் கிதாபும் அருகருகே வைக்கப்படும் நாளில், நம் பிள்ளைகள் அங்கே செத்த பொருளைக் காணமாட்டார்கள். தம் உம்மாவின், அம்மாவின் கைவேலையைக் காண்பார்கள். கொழும்பு மாளிகையைக் கட்டிய கொத்தனார்களில் ஒருவரின் பெயரும் இன்று நமக்குத் தெரியாது. நம் கரையில் அவ்வாறு நேர்ந்துவிடக் கூடாதெனில், பெயர்களைக் கேட்டு எழுதும் வேலை இவ்வாண்டே தொடங்கப்படல் வேண்டும்.